ஒரு பல் பெட்ரோல்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் நோட்டை எடுப்பேன். ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு பொம்பளை மோட்டார் வண்டியைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று மூடி வைத்துவிடுவேன். அப்பா இருந்தவரை அவருக்குப் பிடிக்காதே என்ற பயம் வேறு. இந்த வருடம் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அம்மா தாயே, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்து, இன்று என்னைப் போலவே முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, இது உங்களுக்காகத்தான்.

அறுபதுகளில் நம் பம்பாயில் டாக்ஸி இரண்டு ரகம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். படா டாக்ஸி, சோட்டா டாக்ஸி. பெரியதற்கு மைலுக்கு வாடகை கூட, சின்னதற்குக் குறைவு. என் அப்பா ஓட்டியது பெரியது. எதிர் அறையில் குடியிருந்த அண்ணாச்சி ஓட்டியது சின்னது. இரண்டும் ஒரே முதலாளியுடையவை. அவர் எங்கள் தெற்குச் சீமையைச் சேர்ந்த முஸ்லிம். தாராவியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். டிரைவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏ பெரிய வண்டி, இங்க வாரும்", "சின்ன வண்டி, டீ குடிச்சீரா?" என்றுதான் கேட்பார். அந்த வண்டிகளின் கம்பெனிப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

பெரிய வண்டி வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டி. முன்சீட் ஒரே பெஞ்சு. கியர்க் கம்பி ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மொத்தம் மூன்று கியர், ஆறு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் அறையில் அடுக்கி வைத்த தட்டுகள் மெதுவாகப் பேசிக்கொள்ளும். வெயிலில் நின்றால் சீட்டிலிருந்து பழைய தோலும் விபூதியும் கலந்த ஒரு வாசனை வரும். சின்ன வண்டிக்கு நாலு சிலிண்டர், நாலு கியர். எடை பெரியதில் பாதிகூட இருக்காது. ஆட்டுக்குட்டி மாதிரி சந்துக்குள் திரும்பும்.

இதையெல்லாம் நானும் அண்ணாச்சியின் மகளும் குழாயடியில் சண்டை போட்டே கற்றுக்கொண்டோம். அவளுக்கும் எனக்கும் பத்து வயது.

"உங்க வண்டிக்கு மூணே கியர்தான். எங்களுக்கு நாலு."

"எங்களுக்கு மூணே போதும்ட்டி. அதுலயே காட்கோபர் மேட்டுல ஏறிரும். ஒங்க வண்டி நாலையும் மாத்தி மாத்திப் போட்டாலும் மொனங்கும்."

"ஒங்க வண்டி பெட்ரோலக் குடம் குடமாக் குடிக்கும். எங்கப்பா சொன்னாவ."

"ஒங்க வண்டியில ஆறு பேரு ஏறினா மடியில உக்காரணும். எங்கப்பா வண்டியில ஆறு பேரும் காலாட்டிக்கிட்டுப் போலாம்."

"காலாட்டிக்கிட்டு எங்க போக? பெட்ரோல் பங்குக்கா?"

வரிசையில் நின்ற பெண்கள் குடத்தைத் தட்டிச் சிரிப்பார்கள். அவள் நாக்கு அப்படி. எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்காது.

மழைக்காலம் முடிந்த நேரம். வருடத்துக்கு ஒருமுறை சர்க்கார் ஆபீசில் வண்டியைக் காட்டித் தேற வேண்டும், பாஸிங் என்பார்கள். முதலாளி இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஸ்பேர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது, இரண்டையும் தேற்ற என்னால் முடியாது, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன், மற்றதை விற்றுவிடுவேன் என்று. எந்த வண்டி மிஞ்சுகிறதோ அதன் டிரைவருக்குத்தான் வேலை.

அன்று அம்மா அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது. அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. வேலை போனால் எங்களை ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டேன்.

முதலாளி நியாயமான மனிதர். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பரீட்சை வைத்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே பாட்டில் அளவு பெட்ரோல். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்பி, மாட்டுங்கா போய், சயான் வழியாகச் செம்பூர் ரோட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

"பெரிய வண்டிக்கு வாடகை கூட, சாமானும் கூட ஏத்தலாம்," என்றார். "அதனால சின்ன வண்டி அளவுக்கு அது ஓடணும்னு நான் கேக்கல. செம்பூர் நாக்கா முக்குல இருக்க டீக்கடையத் தாண்டிட்டா பெரிய வண்டி எங்கிட்ட நிக்கும். தாண்டலன்னா சின்ன வண்டி நிக்கும். பராபரா?"

இரண்டு பேரும் பராபர், சரிதான் என்றார்கள்.

அந்தப் பாட்டிலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காலத்து டிஸ்பென்சரியில் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுக்கும்போது, ஒரு வேளைக்கு ஒரு அளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார்களே, அதே போலப் பெரிய பாட்டில் ஒன்றில் முதலாளி தன் கையாலேயே வெட்டி ஒட்டியிருந்தார். மேலிருந்து கீழே எட்டுப் பல். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பாட்டிலிலிருந்து ஒரு ரப்பர் டியூபை கார்புரேட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். பாட்டில் உயரத்தில் இருந்தால்தான் பெட்ரோல் இறங்கும். அதனால் வண்டிக்குள் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஏற்றும் எடை சமமாக இருக்க ஒர்க்‌ஷாப் ஆட்கள் நாலு பேரே இரண்டு வண்டியிலும் ஏறுவதென்றும், பாட்டில் பிடிக்க அண்ணாச்சி வண்டியில் அவர் மகள், அப்பா வண்டியில் நான் என்றும் முடிவாயிற்று. வாடகை மீட்டர்களைப் பாஸிங்குக்காகச் சீல் வைக்கக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். மைல் காட்டும் முள் இரண்டிலுமே செத்து வெகுநாள். ஆகவே ரோடுதான் அளவு.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் சின்ன வண்டி போனது. முதலாளி செம்பூர் நாக்கா டீக்கடையில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அவருக்குக் கையாட்டிவிட்டுப் பறந்து, தேவ்நார்ப் பக்கம் வரை போய்த்தான் நின்றாராம். ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அவர் மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கை வலிக்கும்ட்டி. ஆனா ஒனக்கு வலிக்காது. அதுக்குள்ள தீந்துரும்."

எங்கள் வண்டி கிளம்பியது. நான் முன்சீட்டில் முட்டிக்கால் போட்டு, பாட்டிலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். பெட்ரோல் வாசனையில் கண் எரிந்தது. பின்னால் இருந்த, தகரம் தட்டும் டிங்கர் பழக்கதோஷத்தில் பீடியை எடுக்க, மற்ற மூன்று பேரும் சேர்ந்து அவர் கையிலேயே அடித்தார்கள்.

மாட்டுங்கா வந்தது. அங்கே ஒரு அம்மன் கோயில், நாலு பக்கமும் தெரு. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நாலு வயதில் அம்மை கண்டு, பிழைப்பேனா என்று இருந்ததாம். அப்போது அப்பா அந்த அம்மனிடம் நேர்ந்துகொண்டார். தினமும் முதல் சவாரிக்கு முன்னால் உன்னை மூன்று சுற்றுச் சுற்றுவேன் என்று. வண்டியை நிறுத்திவிட்டுப் போக அங்கே இடம் இருக்காது. அதனால் வண்டியோடு பிரதட்சிணம். ஆறு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. தெருக்காரர்களே அவரைப் பார்த்துத்தான் மணி சொல்வார்கள்.

அன்றும் அப்பா வலது பக்கம் திருப்பினார். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. சின்ன வண்டி சட்டென்று திரும்பும் மூலைகளில் எங்கள் வண்டி முன்னும் பின்னும் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். பின்சீட்டில் நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிங்கர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நானும் கும்பிட்டிருப்பேன், கை இரண்டும் பாட்டிலில் இருந்தது. அதனால் கண் பாட்டிலிலேயே இருந்தது. கோயில் தெருவுக்குள் திரும்பும்போது இரண்டாம் பல்லில் நின்ற பெட்ரோல், வெளியே வரும்போது மூன்றாம் பல்லுக்கு இறங்கியிருந்தது.

சயான் போயிற்று. செம்பூர் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது. ஐந்து, ஆறு, ஏழு. நாக்காவுக்கு இரண்டு பஸ் ஸ்டாப் இருக்கும்போது டியூபில் காற்றுக் குமிழி ஓடியது. வண்டி இருமியது. பிறகு அந்த ஆறு சிலிண்டரும் ஒன்றன் பின் ஒன்றாக அடங்கின. ரோட்டோரத்தில் உருண்டு நின்றது.

முதலாளி குடையோடு நடந்து வந்தார். பின்னாலேயே அண்ணாச்சி சின்ன வண்டியில்.

"என்னவே, யானை படுத்துட்டா?" என்றார் அண்ணாச்சி. அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். ஆனால் சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்ததும் அவரே சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அப்பா கீழே இறங்கினார். டாஷ்போர்டில் இருந்த அம்மன் படத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். சாவியை முதலாளியிடம் நீட்டினார்.

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. "எப்பா, ஒரு பல்லு கோயில்ல போயிட்டுல்லா!"

"வாய மூடுட்டி," என்றார் அப்பா. அவர் என்னை அதட்டிய நாட்கள் குறைவு.

முதலாளி என் உயரத்துக்குக் குனிந்தார். "என்ன மகளே கோயில்ல போச்சு? நீ சொல்லு."

நான் அழுதுகொண்டே சொன்னேன். மூன்று சுற்று. இரண்டாம் பல், மூன்றாம் பல். முதலாளி நிமிர்ந்து பின்சீட்டு ஆட்களைப் பார்த்தார். நாலு பேரும் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

"சுத்தினியளா?"

"ஆமா மொதலாளி," என்றார் டிங்கர். "ஆனா அது... கோயில்லா."

"கோயிலுன்னா? வண்டி பெட்ரோல் இல்லாமலா சுத்துச்சு?"

"அதில்ல மொதலாளி. சாமியச் சுத்துனத யாராவது மைலுல சேப்பாவளா?"

எவ்வளவு யோசித்தாலும் இப்போது எனக்கு இதுதான் ஆச்சரியம். வண்டியிலேயே தலை நரைத்த நாலு பேர். கார்புரேட்டரைக் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடும் ஆட்கள். அத்தனை பேரும் கும்பிட்டார்கள், ஒருவருக்கும் அது தூரமாகவே தோன்றவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மொதலாளி, எனக்குத் தெரியும். சுத்தாம வந்திருந்தா டீக்கடையத் தாண்டியிருப்பேன். ஆனா அத ஒம்மகிட்ட வந்து கேட்டு வாங்கினா, நேந்துகிட்டதுக்கு என்ன அர்த்தம்? தோத்தது தோத்ததுதான்."

"அவன் சொல்லுதது சரிதான்," என்றார் அண்ணாச்சி. "புண்ணியத்தையும் வச்சுக்கிட்டு மைலையும் கேக்க முடியாதுல்லா? அதோட, பத்து வயசுப் பிள்ள பேச்ச வச்சா தீர்ப்புச் சொல்லுவீரு?"

முதலாளி குடையைத் தரையில் தட்டினார். "நீரு சாமிக்குச் சுத்துனீரு. வண்டி எனக்குல்லவே ஓடுச்சு. என் பெட்ரோல் எங்க போச்சுன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா? பிள்ள பேச்சு வேண்டாம். பாத்துருவோம். சலோ மாட்டுங்கா!"

வண்டி நின்ற இடத்தில் டிங்கர் ஒரு செங்கல்லை வைத்தார். பெரிய வண்டியில் டேங்குக் குழாயை மாட்டிக்கொண்டு எல்லோரும் மாட்டுங்கா திரும்பினோம். அண்ணாச்சியும் அவர் மகளும் பின்னாலேயே வந்தார்கள். கோயில் மூலையில் மறுபடி பாட்டில். இரண்டாம் பல் வரை பெட்ரோல். முதலாளி ஊற்றும்போது "பிஸ்மில்லா" என்று சொல்லி ஊற்றினார். பிறகு தன் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எடை கூடாதிருக்கப் பின்சீட்டில் ஒருவரை இறக்கிவிட்டார், மற்றபடி அதே ஆட்கள், அதே மூலைகள். அப்பா அம்மனை மூன்று முறை சுற்றினார். முதலாளி பாட்டிலை விட்டுக் கண் எடுக்கவில்லை. பூக்காரி, வாசலில் இருந்த குருக்கள், எல்லோரும் தொப்பி வைத்த பாய் பிரதட்சிணம் வருவதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

மூன்றாம் சுற்று முடிந்ததும் அவர் விரலைப் பாட்டிலில் வைத்தார். மூன்றாம் பல். ஒரு நூல்கூட முன்பின் இல்லை.

"மகளே, ஒன் கண்ணு கண்ணு," என்றார். பின்னால் வந்து நின்ற அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார். "சரி. ஒரு பல்லு குடுங்க. அதுக்கு மேல ஒரு சொட்டுக் கூடாது."

"எனக்கு வேண்டாம் மொதலாளி," என்றார் அப்பா.

"ஒமக்கு யாருவே குடுத்தா? வண்டிக்குக் குடுக்கேன். ஏறும்."

செங்கல் இருந்த இடத்துக்கு வந்தோம். பாட்டிலில் சரியாக ஒரு பல் பெட்ரோல். முதலாளியும் அண்ணாச்சியும் சின்ன வண்டியில் முன்னால் போய் நாக்காவில் இறங்கிக்கொண்டார்கள். அப்பா படத்தைத் துண்டிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். ஸ்டார்ட் பண்ணினார்.

முதல் பஸ் ஸ்டாப் போயிற்று. பாதிப் பல் போயிற்று. "மேல பிடிட்டி, மேல பிடி," என்று டிங்கர் கத்தினார். நான் கூரையில் இடிக்கிற அளவு தூக்கினேன். இரண்டாவது பஸ் ஸ்டாப் போயிற்று. டீக்கடை தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் நாக்காவின் நடுவில் நின்ற போலீஸ்காரர் எங்களுக்கு நேராகக் கையைத் தூக்கிவிட்டார்!

அப்பா நிறுத்தினார். குறுக்கே லாரி, அதன் பின்னால் ஒரு லாரி, பஸ், மாட்டு வண்டி. எங்கள் எஞ்சின் நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருந்தது. பாட்டிலின் அடியில் ஒரு வட்டம்தான் பாக்கி. "அம்மா, அம்மா, அம்மா" என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. பின்னால் ஒருவர், "போயிரும்வே, போயிரும்!" என்றார். அப்பா அசையவில்லை. கை காட்டினால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அப்போதுதான் அது நடந்தது. டீக்கடை வாசலில் நின்ற அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டுக்கு ஓடினார். போலீஸ்காரர் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்:

"சாப்! ஜானே தோ! காடி மே பிரேக் நஹீ ஹை! பச்சே லோக் பைட்டா ஹை!"

பிரேக் இல்லை, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். பிரேக் இல்லாத வண்டி எப்படி இவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்று அந்தப் போலீஸ்காரர் யோசித்திருந்தால் கதை வேறு. அவர் பயந்துபோய் மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கையை வீசினார். அப்பா கிளட்சை விட்டார். வண்டி இருமியது, முன்னால் பாய்ந்தது, மறுபடி இருமியது. டியூபில் குமிழி ஓடியது. நாக்காவைத் தாண்டி, டீக்கடையின் பெஞ்சைத் தாண்டி, அதற்கடுத்த சலூனையும் தாண்டி, நான்கைந்து கஜம் போய், தானாகவே அடங்கி நின்றது.

அந்தக் கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. டிங்கர் கதவைத் திறக்க மறந்து ஜன்னல் வழியாகவே இறங்கப் பார்த்தார். முதலாளி டீக்கடை கிளாஸை உயர்த்திப் பிடித்தபடி ஓடி வந்தார், டீ முழுவதும் அவர் ஜிப்பாவில். என்னைத் தூக்கிப் பானெட்டின் மேல் உட்கார வைத்தார்கள். தகரம் சுட்டது. நான் இறங்கவில்லை. கையில் காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா அண்ணாச்சியிடம் போய் நின்றார். "ஏன் அண்ணாச்சி அப்படிச் செஞ்சிய? விட்டிருந்தா நீங்கல்லா ஜெயிச்சிருப்பிய."

"போலீஸ்காரன் ஜெயிச்சிருப்பான்," என்றார் அண்ணாச்சி. "எனக்கு என்ன வந்துச்சு? என் வண்டி ஒம்ம வண்டிகிட்ட ஜெயிக்கணும், இல்ல தோக்கணும். நடுவுல அவன் யாரு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பயப்படாதேயும். நாலு கியர் போடத் தெரிஞ்சவன் பட்டினி கிடக்க மாட்டான்," என்றார்.

அப்படியே ஆயிற்று. முலுண்டில் இருந்த ஒரு டாக்டர் சின்ன வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினார். பெட்ரோல் சிக்கனத்தைக் கேட்டுத்தான் வாங்கினாராம். ஓட்ட அண்ணாச்சியையும் கூடவே கேட்டார். அவர்கள் குடும்பம் முலுண்டுக்குப் போன அன்று அவர் மகள் குழாயடிக்கு வந்து, "எங்க வண்டிக்கு இனிமே திரைச்சீலையும் உண்டு. ஒங்களுக்கு உண்டா?" என்றாள். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம். பெரிய வண்டி பாஸிங்கில் தேறி, மேலும் பல வருடம் எங்களுக்குச் சோறு போட்டது.

பரீட்சைக்கு மறுநாள் விடியலில் அப்பா என்னை எழுப்பினார். ரயிலேறி மாட்டுங்கா போனோம். வண்டி இல்லாமல், செருப்பு இல்லாமல், அம்மனை மூன்று சுற்றுச் சுற்றினார். நான் ஏன் என்று கேட்டேன்.

"நேத்துச் சுத்துன மூணையும் மொதலாளி பெட்ரோலக் குடுத்து எடுத்துக்கிட்டாருல்லா," என்றார். "இது ஆத்தாளுக்கு."

அவர் முகத்தில் கோபம் இல்லை. திரும்பும்போது எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வாழ்நாளில் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

இனி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் இதை வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். அம்மன் காலிப் பாட்டிலை நிரப்பினாள் என்கிறார்கள். என் பேத்தி கேட்ட கதையில் போலீஸ்காரர் வேஷத்தில் வந்ததே அம்மன்தானாம். அம்மனை நான் நம்புகிற அளவு இவர்களில் யாரும் நம்பவில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அவள் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. அவளுக்காகச் செலவான பெட்ரோலை ஒரு பாய் கண்ணால் அளந்து திருப்பி ஊற்றினார். தோற்கப் போகிறவர் ஓடிப்போய் வழி வாங்கிக் கொடுத்தார். எங்கள் வண்டி தன் சொந்த ஆறு சிலிண்டரால் தாண்டியது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இப்படியே சொல்லுங்கள். ஒரு பல். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூட்ட வேண்டாம்.